ஸீசா: கிறிஸ்தவ மன்னர் ஏன் அரபு மாளிகை கட்டினார்?

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் மேற்குப் பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் ஸீசா. கட்டியவர்கள் கிறிஸ்தவ மன்னர்கள்; அவர்களுடைய முன்னோர் வட ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் உள்ளே போனால் வளைவில் அரபு எழுத்து. மேலே தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய விதானம். சுவரில் கான்ஸ்டான்டிநோபிளின் பாணியில் மொசைக். 2015-இல் யுனெஸ்கோ இந்த மாளிகையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பலெர்மோ, செஃபலு, மொன்ரியாலே ஆகிய ஊர்களிலுள்ள ஒன்பது கட்டடங்களுக்குச் சேர்த்து அது கொடுத்த அடையாளம் ‘அரபு-நார்மன்’.

அந்த இணைப்புக்குறி பலரைக் குழப்புகிறது. அரபு ஆட்சியாளர் கட்டியதை நார்மன்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு சமூகங்கள் தோளோடு தோள் சேர்ந்து எழுப்பிய நல்லிணக்கச் சின்னம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள்; சுற்றுலாக் கையேடுகளுக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும். முதல் கருத்து தவறு. இரண்டாவது கருத்து, நடந்த கதையில் வசதியான பாதியை மட்டும் சொல்கிறது.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நார்மன் என்றால் வடக்கத்தி ஆள் என்று பொருள். ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் 911-இல் பிரான்சின் வடகரையில் நிலம் பெற்றுத் தங்கினார்கள். அந்தப் பகுதிதான் நார்மண்டி. சில தலைமுறைகளில் பிரெஞ்சு மொழியும் கிறிஸ்தவமும் குதிரைப் போரும் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டன. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் இவர்கள்தான். அதே காலத்தில் இவர்களில் இன்னொரு கூட்டம் தென்னித்தாலியில் கூலிப்படையாக நுழைந்து, பிறகு நிலத்துக்கே உரிமையாளராகிவிட்டது.

அரபு என்ற சொல்லையும் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். 827-இல் இன்றைய துனிசியாவிலிருந்து அக்லபிய அரசின் படை சிசிலியில் இறங்கியது. அதில் அரபியரோடு வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களும் இருந்தார்கள். 831-இல் பலெர்மோ விழுந்தது. அதற்கு முன் தீவு, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்தது, மக்களில் பெரும்பகுதி கிரேக்கம் பேசினார்கள். ஆகவே சிசிலியின் அரபுப் பண்பாடு கிரேக்க அடித்தளத்தின் மேல் வந்து படிந்தது.

உல்லாச மாளிகை என்பது ஆட்சி நடத்தும் அரண்மனை அல்ல. கோட்டையும் தர்பாரும் நகருக்குள் இருக்கும். வெயில் ஏறும்போது மன்னர் மதிலுக்கு வெளியே தோட்டத்துக்குப் போய்த் தங்கும் இடம் இது. பழந்தமிழில் வேனிற்பள்ளி என்றொரு சொல் உண்டு. ஸீசாவின் பயனைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

யார், எப்போது கட்டினார்கள்?

நார்மன்கள் 1072-இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். தீவு முழுவதும் அவர்கள் வசமாக 1091 வரை ஆயிற்று. 1130 கிறிஸ்துமஸ் நாளில் இரண்டாம் ரோஜர் சிசிலியின் அரசராக முடிசூடினார். அவருடைய மகன் முதலாம் வில்லியம், 1165 வாக்கில் ஸீசாவைத் தொடங்கினார். மறு ஆண்டே இறந்துபோனார். பட்டத்துக்கு வந்த இரண்டாம் வில்லியம் அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர். தாய் மார்கரெட் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். மாளிகை இந்த மகனின் காலத்தில்தான் முடிந்தது.

அதாவது, பலெர்மோவில் முஸ்லிம் ஆட்சி போய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு கடைக்கால் போட்ட கட்டடம் இது. முன்னவர் விட்டுப்போன கட்டடத்தில் நார்மன்கள் குடியேறிய கதை இங்கே பொருந்தாது. (பலெர்மோவில் அப்படியும் ஒன்று உண்டு. மாரெடோல்சே என்ற ஏரிக்கரை மாளிகை நார்மன்களுக்கு முன் தீவை ஆண்ட கல்பிய வம்சத்து அமீர் ஜஃபரின் காலத்தது என்றும், ரோஜர் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.)

காலக்கணிப்புக்குக் கட்டடமே ஒரு சான்று தருகிறது. நீரூற்று மண்டபத்தின் வளைவில் வெண்சுதையால் வார்த்த அரபு வரிகள் ஓடுகின்றன. பூமியின் சொர்க்கம் உன் கண்முன் விரிகிறது, இந்த அரசர் அல்-முஸ்தஇஸ், இந்த மாளிகை அல்-அஸீஸ் என்பது அவற்றின் சாரம். அல்-முஸ்தஇஸ் என்பது இரண்டாம் வில்லியம் சூடிய அரபுப் பட்டம். தாத்தாவுக்கு வேறு பட்டம், தந்தைக்கு வேறு பட்டம். ஆகவே இந்த வரிகள் 1166-க்குப் பிறகே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரபு தெரிந்தவருக்கு இங்கே ஒரு சொல்விளையாட்டும் கிடைக்கும். அஸீஸ், முஸ்தஇஸ் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. பெருமை, மேன்மை என்ற பொருள் கொண்டவை. மன்னரின் பெயரையும் மாளிகையின் பெயரையும் எதுகை போலக் கோத்திருக்கிறார்கள். அந்த அல்-அஸீஸ்தான் இலத்தீன் நாவில் தேய்ந்து ஸீசா ஆயிற்று.

கட்டடத்துக்குள்

வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரம் குறைவு. ஏறத்தாழ 36 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 25 மீட்டர் உயரம். குறுகிய பக்கங்கள் இரண்டிலும் சற்றே புடைத்து நிற்கும் சிறு கோபுரம். சுவரில் மேலோட்டமாகக் குழித்த வளைவுகள். மூன்று தளம். முன்புறம் மூன்று வாசல்கள், நடுவில் உள்ளது உயரமானது. இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பது போலச் சமச்சீர்.

நடு வாசல் வழியே நேராகப் போனால் நீரூற்று மண்டபம். மாளிகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சதுர அறை, மூன்று பக்கம் மூன்று மாடங்கள், மாடங்களின் மேல் முகர்னாஸ். முகர்னாஸ் என்பது சிறுசிறு குழிவுகளை வரிசைமேல் வரிசையாக முன்னே தள்ளி அடுக்கி, மூலையையும் விதானத்தையும் நிரப்பும் இஸ்லாமியக் கட்டடக் கலை நுட்பம். வெளிச்சம் விழும்போது கல் கரைந்து தொங்குவது போலத் தோன்றும். பாரமான கூரையைப் பாரமில்லாததாகக் காட்டும் தந்திரம் என்று சொல்லலாம்.

எதிர்ச்சுவர் மாடத்தில் ஊற்று. சுவரிலிருந்து வரும் தண்ணீர் சரிவாகச் சாய்த்த சலவைக்கல் பலகையின் மேல் வழிகிறது. பலகையில் ஆப்பு வடிவ வரிகள் செதுக்கியிருப்பதால் வழியும் நீர் அலையலையாக நெளியும். அங்கிருந்து தரையில் வெட்டிய குறுகிய வாய்க்காலில் இறங்கி, நடுவிலுள்ள இரண்டு சிறு சதுரத் தொட்டிகளைக் கடந்து, வாசல் வழியே வெளியேறி, முன்னாலிருந்த பெரிய மீன்குளத்தில் சேரும். அந்தக் குளத்தின் நடுவே ஒரு சிறு நீராழி மண்டபமும் இருந்தது. அதற்குப் போகப் பாலம். இவ்வகைச் சரிவு ஊற்றுக்கு அரபு உலகில் சல்சபீல் என்று பெயர். குர்ஆனில் சொர்க்கத்து ஊற்றின் பெயர் அது.

ஊற்றுக்கு மேலே மொசைக் பட்டை. அதில் மூன்று வட்டங்கள்: இரண்டில் மயில்கள், நடுவட்டத்தில் மரத்தின் இருபுறமும் வில் வளைக்கும் வேடர்கள். பொன்னிறப் பின்னணியும் துண்டுக்கல் பதிக்கும் முறையும் பைசாந்தியக் கைத்திறன். நகரிலுள்ள அரச மாளிகையில் ரோஜரின் அறை என்று அழைக்கப்படும் அறையின் மொசைக்குகளுக்கு இவை உறவு.

மாளிகையைச் சுற்றி ஜெனோவார்தோ என்ற பெரும் பூங்கா விரிந்திருந்தது. இந்தப் பெயரும் அரபுதான்: ஜன்னத்துல் அர்த், பூமியின் சொர்க்கம். பழமரங்கள், வேட்டை விலங்குகள், குளங்கள். 1180-இல் இரண்டாம் வில்லியம் கட்டிய கூபா மாளிகையும் இந்தப் பூங்காவைச் சேர்ந்ததே. அது செயற்கை ஏரியின் நடுவிலேயே நின்றது.

வெயிலை வென்ற விதம்

ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ என்ற வெப்பக்காற்று அடிக்கும் ஊர் பலெர்மோ. ஸீசாவின் கட்டமைப்பை அழகுக்காக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதியைத் தவறவிடுகிறார்கள். அது வேலை செய்த முறை இப்படி:

1. மாளிகையின் முகம் வடகிழக்கே, கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. கடற்காற்று நேராக முன்வாசல் வளைவுகளில் வந்து மோதும்.

2. காற்று வாசலை அடையுமுன் மீன்குளத்தின் மேல் தவழ்ந்து வரும். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

3. உள்ளே சல்சபீலின் சரிவுப் பலகை அதே வேலையை இன்னொரு முறை செய்கிறது. தொட்டியில் தேங்கும் நீரைவிட, வரிவரியான கல்லின் மேல் மெல்லிய படலமாக வழியும் நீர் விரைவாக ஆவியாகும். அந்தச் செதுக்கல் அழகுக்கும் ஆயிற்று, குளிர்ச்சிக்கும் ஆயிற்று.

4. சுவர்களுக்குள் விட்டிருக்கும் காற்றுப் புழைகள் வழியாகச் சூடான காற்று மேலே ஏறிப்போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்த காற்று நுழையும். மேல்தளத்தின் நடுக்கூடம் முதலில் வானம் பார்த்த முற்றமாக இருந்தது என்பதும் இதற்குத் துணை.

5. இத்தனைக்கும் தண்ணீர் இடைவிடாமல் வர வேண்டும். பலெர்மோவைச் சுற்றிய மலையடிவார ஊற்றுகள் அதைக் கொடுத்தன. நிலத்தடி நீரைச் சரிவான சுரங்க வாய்க்கால் வழியே தொலைவுக்குக் கொண்டுபோகும் கனாத் முறை இந்த ஊரில் இருந்தது. பாரசீகத்தில் பிறந்து இஸ்லாமிய உலகின் வழியே பரவிய முறை அது. பலெர்மோவில் சில கனாத்துகளுக்குள் இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.

எதை அரபு என்பது, எதை நார்மன் என்பது?

தரைப்பட அமைப்பு, ஊற்று, முகர்னாஸ், குளம், தோட்டம், எழுத்து எல்லாம் வட ஆப்பிரிக்காவையும் ஃபாத்திமிய வம்சம் ஆண்ட எகிப்தையும் நோக்கிக் கை நீட்டுகின்றன. இன்றைய அல்ஜீரியாவில் இடிபாடுகளாகக் கிடக்கும் கல்அத் பனீ ஹம்மாத் அரண்மனைகளோடு அறிஞர்கள் ஸீசாவை ஒப்பிடுவது வழக்கம். மொசைக் கிரேக்கருடையது. அப்படியானால் நார்மன் பங்கு எது? நார்மண்டியிலிருந்து நேராக வந்தது என்று விரல் வைத்துக் காட்ட இங்கே அதிகம் இல்லை. நார்மன் என்ற சொல் ஸீசாவைப் பொறுத்தவரை கஜானாவைக் குறிக்கிறது. உளி பிடித்த கையை அல்ல. செஃபலு பேராலயம் வேறு கதை. அங்கே முகப்பின் இரட்டைக் கோபுரங்களில் வடக்கத்திச் சாயல் தெரியும். ஒன்பது கட்டடங்களுக்கும் ஒரே அடைமொழியைப் போர்த்தியதில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. பைசாந்தியம் என்ற மூன்றாவது பங்காளி அந்தப் பெயரில் இடமே பெறவில்லை என்பது இன்னொரு குறை.

மன்னருக்கு இது எதற்கு?

ரோஜரின் குடும்பம் ஐரோப்பாவின் பழைய அரச வம்சங்கள் மதிக்கும் குடும்பம் அல்ல. அவருடைய தந்தை தலைமுறை வாளைத் தவிர வேறு சொத்தில்லாமல் தெற்கே வந்தது. புதுப்பணக்காரருக்குப் பெரிய வீடு வேண்டும் என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். ஆனால் எந்த மாதிரி வீடு? 12-ஆம் நூற்றாண்டின் மத்தியதரைக் கடலில் செல்வமும் நாகரிகமும் எப்படி இருக்கும் என்று கேட்டால் கெய்ரோவையும் கான்ஸ்டான்டிநோபிளையும்தான் காட்டுவார்கள். பாரிஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே சிசிலி மன்னர்கள் அரசாட்சியின் சின்னங்களை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அரண்மனை அலுவலகம் இலத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் ஆவணம் எழுதியது. தரீ என்ற பொற்காசில் அரபு எழுத்து இருந்தது. ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கங்கள் பொறித்த ரோஜரின் செந்நிறப் பட்டு மேலங்கியின் விளிம்பில் ஹிஜ்ரி 528 என்று அரபு மொழியில் ஆண்டு போட்டிருக்கிறது. அது இப்போது வியன்னாவில் இருக்கிறது. ரோஜரின் தளபதி அந்தியோக்கியா ஜார்ஜ், சிசிலிக்கு வருமுன் துனிசியக் கரையின் அல்-மஹ்தியாவில் முஸ்லிம் அரசரிடம் பணியாற்றியவர். எதிர்க்கரை அரசவையின் நடைமுறைகளை அறிந்த ஆட்கள் மன்னருக்கு அருகிலேயே இருந்தார்கள்.

ஸீசா தொடங்கிய நேரமும் கவனிக்கத்தக்கது. ரோஜர் 1148-இல் பிடித்த அதே அல்-மஹ்தியாவை, மகன் வில்லியம் 1160-இல் மொராக்கோவின் அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் அரச வம்சத்திடம் இழந்தார். மறு ஆண்டு பிரபுக்கள் கலகம் செய்து மன்னரையே சிறைப்பிடித்தார்கள். அரண்மனை சூறையாடப்பட்டது. அந்த அவமானத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், தந்தை கட்டியதை விஞ்ச வேண்டும் என்று வில்லியம் இந்த மாளிகையைத் தொடங்கினார் என அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடலுக்கு அப்பால் இழந்த ஆப்பிரிக்காவை அவர் தன் தோட்டத்தில் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். இதை என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நல்லிணக்கம்?

1184 இறுதியில் பலெர்மோவுக்கு வந்த அந்தலூசியப் (முஸ்லிம் ஸ்பெயின்) பயணி இப்னு ஜுபைர், இரண்டாம் வில்லியம் அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றும், அவருடைய சமையலறைக் கண்காணிப்பாளர் முதல் மெய்க்காவலர் வரை முஸ்லிம்கள் என்றும் வியந்து எழுதினார். நகரைச் சுற்றியுள்ள அரச மாளிகைகள் இளம்பெண்களின் கழுத்தணி போல இருக்கின்றன என்றார். கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்தி, முக்காடிட்டுப் போனதையும் குறித்துவைத்தார். நல்லிணக்கக் கதை சொல்பவர்கள் இந்தப் பக்கங்களோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மத மாற்ற நெருக்கடியைப் பற்றிச் சிசிலி முஸ்லிம்கள் அவரிடம் மறைவாகப் புலம்பியதும் அதே பயணக் குறிப்பில்தான் இருக்கிறது.

1161 கலகத்தின்போது பலெர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1189-இல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் மறுபடி வன்முறை. பலர் மேற்குச் சிசிலியின் மலைகளுக்கு ஓடினார்கள். 1220-களிலிருந்து, பின்னாளில் சிசிலியை ஆண்ட மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் எஞ்சிய முஸ்லிம்களைத் தென்னித்தாலியின் லுச்சேராவுக்குக் கூட்டங்கூட்டமாக நாடுகடத்தினார். இந்த ஃபிரெடரிக் ரோஜரின் பேரன். அரபு அறிவியலில் நாட்டமுள்ளவர். கலையை நேசிப்பதும் அந்தக் கலையைக் கொண்டுவந்த மக்களைப் பாதுகாப்பதும் அவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரியங்கள். மன்னரின் தயவு இருந்தவரை அரபுக் கலைஞருக்கு வேலை இருந்தது. அந்தத் தயவு சட்டமாகவோ உரிமையாகவோ மாறவேயில்லை.

பிறகு ஸீசாவுக்கு என்ன ஆயிற்று?

14-ஆம் நூற்றாண்டில் அதைக் கோட்டையாக்கினார்கள். கட்டடத்தின் உச்சி விளிம்பு நெடுக ஓடிய அரபுக் கல்வெட்டை வெட்டியே மதில்பற்கள் செய்தார்கள். அதனால் அந்த வரிகளில் துணுக்குகள்தான் மிஞ்சின. 1630-களில் சந்தோவால் என்ற பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்தது. பெரிய படிக்கட்டு நுழைந்தது, சாளரங்கள் மாறின, முகப்பில் சிங்கங்களோடு குடும்ப முத்திரை ஏறியது. வாசல் வளைவில் வரைந்த புராண உருவங்களைப் பலெர்மோ மக்கள் ஸீசாவின் பிசாசுகள் என்கிறார்கள். அவற்றை யாரும் சரியாக எண்ண முடியாதாம். எண்ணி முடித்தால் புதையல் கிடைக்குமாம். எண்ணிக்கை தப்பினால் இன்றும் ஊரில் பிசாசுகள் மேல்தான் பழி.

19-ஆம் நூற்றாண்டில் சிசிலி வரலாற்றாசிரியர் மிக்கேலே அமாரி தீவின் அரபுக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகுதான் மாளிகையின் வயது பற்றிய கற்பனைகள் அடங்கின. 1951-இல் அரசு கட்டடத்தைக் கையகப்படுத்தியது. பாதுகாப்பு வேலை இழுத்தடிக்க, 1971-இல் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. கட்டடக் கலைஞர் ஜுசெப்பே கரோனியா தலைமையில் நீண்ட சீரமைப்பு நடந்து, 1991-இல் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கூபாவும் மாரெடோல்சேயும் யுனெஸ்கோவின் ஒன்பதில் இல்லை. ஆகவே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பலெர்மோ போகிறவர், ஸீசாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு உல்லாச மாளிகைகளையும் எளிதில் தவறவிடுவார்.

ஸீசாவுக்குள் போகிறவர்கள் ஊற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அங்குள்ள ஒரு கல்லையும் தேடிப் பார்க்கலாம். 1149-ஐச் சேர்ந்த நினைவுக்கல் அது. ரோஜரின் அரசவைப் பாதிரியார் கிரிசாந்துஸ் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வகையில் ஒரே செய்தியை வெட்டியிருக்கிறார்கள். நான்கிலும் ஆண்டுக் கணக்கு வேறு வேறு.